கடைசித் தவணை 01-01-1970: கடலூர் வீட்டுக்கடன் அலுவலகம் ஒன்றில் நடந்தது

கடலூரில் ஒரு சிறிய வீட்டுக்கடன் அலுவலகத்தில் 2018-ல் தொடங்கி, மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டுத் தொடர்ந்த ஒரு தேதிச் சிக்கலின் பதிவு இது. அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் தரவில்லை. நான் அங்கே கம்ப்யூட்டர் பராமரிப்புக்குப் போய்வருகிறவன். ஆண்டு ஒப்பந்தத்தில் பிரின்டர் முதல் சர்வர் வரை பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இதே மாதிரி மென்பொருள் ஓடும் அலுவலகங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் நிறைய இருக்கின்றன.

பின்னணி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்றைக்கு இந்த அலுவலகத்தின் ஓடு பறந்து, கடன் லெட்ஜர்கள் முழுக்க நனைந்துவிட்டன. பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்தும் பாதி மை கரைந்துபோயிருந்தது. "இனிமே பேப்பரை நம்பி இருக்கக் கூடாது" என்று செயலாளர் முடிவெடுத்தார். புதுச்சேரியில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்த ஒரு தம்பியிடம் மென்பொருள் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

2012-ல் அவன் எழுதிக் கொடுத்தது பிஎச்பி என்ற நிரல் மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் இரண்டையும் வைத்து விண்டோஸில் ஓடும் சாதாரண நிரல். கடன் தொகை, வட்டி, மாதம் எத்தனை என்று கொடுத்தால் தவணை அட்டவணை அச்சாகும். ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி நிலுவைப் பட்டியலும், தவணை தவறியவர்களுக்கு அறிவிப்புக் கடிதமும் தானாக வரும். ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நல்ல வேலை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அலுவலகம் தரும் நீண்ட கடனுக்குக் காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 தவணை. இந்த எண் பின்னால் முக்கியமாகிறது.

முதலில் தெரியவந்தது

2018 செப்டம்பர் முதல் வாரம் ஒரு பள்ளி ஆசிரியை கையில் இரண்டு தாள்களோடு வந்தார். ஜூலையில் பத்து லட்சம் கடன் வாங்கியவர். மாதம் 8,700 ரூபாய், ஒவ்வொரு 10-ம் தேதியும். முதல் தவணையை ஆகஸ்ட் 10 அன்றே கட்டிவிட்டார். ஆனாலும் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் போயிருந்தது: 6 தவணை நிலுவை, அபராத வட்டி மட்டும் 50,841 ரூபாய், உடனே செலுத்தவும்.

இரண்டாவது தாள் அவருடைய தவணை அட்டவணையின் கடைசிப் பக்கம். 234-வது வரிசை 10-01-2038 என்று சரியாக இருந்தது. 235-லிருந்து 240 வரை ஆறு வரிசைகளிலும் ஒரே தேதி: 01-01-1970.

"நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள கடன் முடிஞ்சிடுமான்னு பார்க்கத்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இது நான் பிறக்கறதுக்கு முன்னாடி தேதி, மேடம்" என்றார் செயலாளரிடம். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். பள்ளிக்கூட விலாசத்துக்கு அந்தக் கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

செயலாளர் என்னை அழைத்தார். அன்று மதியமே போய்ப் பார்த்ததில், இது முதல் முறை இல்லை என்பது தெரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு கொடுத்த 20 ஆண்டுக் கடன்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். மொத்தம் 11 கடன்கள். மாதாமாதம் நிலுவைப் பட்டியல் வரும்போது அங்கிருந்த எழுத்தர் அந்தப் பெயர்களைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, கடிதங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர் தகராறு பண்ணுது, நம்ம கையால சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன் சார்" என்றார். ஆகஸ்ட் கடைசியில் அவர் விடுப்பில் போனார். பதிலுக்கு வந்தவர் வந்த கடிதங்களை எல்லாம் ஒழுங்காகத் தபாலில் சேர்த்துவிட்டார்.

எழுத்தரை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆறு மாதம் அவர் கையால் தடுத்ததால்தான் ஒரு மாதக் கடிதங்களோடு நின்றது. ஆனால் அந்தச் சிவப்புக் கோடு ஒவ்வொன்றும் எனக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தகவல். வரவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று எடுத்த முடிவு

முதல் வேலையாக அறிவிப்புக் கடிதம் தானாக அச்சாவதை நிறுத்தினோம். நிலுவைப் பட்டியலை இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்புவது என்று ஏற்பாடு. ஆசிரியைக்குச் செயலாளர் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி, நிலுவை ஏதும் இல்லை என்று முத்திரை வைத்துக் கொடுத்தார்.

நிர்வாகக் குழுவில் ஒருவர், கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்றார். விலைப்பட்டியலும் வந்துவிட்டது. வாங்குவதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள், தப்பு எங்கே என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு நாள் வீண்போகவில்லை.

சோதனை: கம்ப்யூட்டருக்கு 2038 தெரியுமா?

ஓரமாக இருந்த உபரிக் கம்ப்யூட்டரில் அலுவலக மென்பொருளின் ஒரு நகலை ஏற்றினேன். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் தேதியை முன்னால் தள்ளிப் பார்க்கவே கூடாது. இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதி என்று மறுக்கும், ஆன்டிவைரஸ் உரிமம் முடிந்துபோகும், அன்றைக்குப் பதிவாகும் ரசீதுகளில் எதிர்காலத் தேதி விழும்.

கடிகாரத்தை 2038 ஜனவரி 19, காலை 8:43-க்கு வைத்துவிட்டுச் செயலாளரையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். 8:44 வந்தது. 8:45 வந்தது. விண்டோஸ் கடிகாரம் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் தாண்டிப் போனது. ஒரு வெற்றுக் கோப்பைச் சேமித்துப் பார்த்தோம். அதன் தேதியும் 2038 என்றே விழுந்தது.

விண்டோஸ் தன் கோப்புத் தேதிகளை 1601 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்து, 64 பிட் எண்ணில், அதாவது 0, 1 மட்டும் வரும் 64 இலக்கங்களில். 2038 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆக, இயங்குதளம் சரியாக இருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றினாலும் அதே பிழைதான் வரும்.

அப்புறம் கடிகாரத்தைப் பழையபடி வைத்துவிட்டு, பிஎச்பியிடம் நேரடியாகக் கேட்டேன். 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி, இதை எண்ணாக மாற்று. 2147483647 என்றது. ஒரு நொடி கூட்டி, 8-வது நொடியைக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. 'இல்லை' என்ற விடை மட்டும். எண்ணுக்கு எத்தனை பைட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) என்று கேட்டதற்கு 4 என்றது.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்த மென்பொருள்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரத்திலிருந்து கடந்த நொடிகளாக வைத்துக்கொள்கின்றன. நமக்கு அது அன்று காலை 5:30. நொடிகளை 4 பைட்டில், அதாவது கூட்டல் கழித்தல் குறியோடு 32 பிட்டில் வைத்தால், அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. அந்த எண் தீர்ந்துபோகும் நொடி இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07. அதற்கு மேல் பிஎச்பி 'இல்லை' என்கிறது. எங்கள் நிரல் அந்த 'இல்லை'யைக் கவனிக்காமல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, பூஜ்யத்தை மறுபடி தேதியாக மாற்றியது. பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1. ஆறு தவணைகளும் அந்தத் தேதியில் கட்டப்படவில்லை என்று கணக்குப் போட்டு, 2018 செப்டம்பர் 1 வரை 17,775 நாள் தாமதம் என்று ஆண்டுக்கு 2 சதவீத அபராத வட்டியும் சேர்த்துவிட்டது. கூட்டிப் பார்த்தேன். 50,841 ரூபாய் சரியாக வந்தது.

விண்டோஸ் 64 பிட்டாக இருக்கும்போது இது எப்படி என்று செயலாளர் கேட்டார். சரியான கேள்வி. அங்கே நிறுவியிருந்தது 32 பிட் பிஎச்பி 5. சொல்லப்போனால், விண்டோஸில் பிஎச்பி 5-ன் 64 பிட் தொகுப்பை வைத்திருந்தாலும் எண் 4 பைட்தான். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-ல்தான் அது 8 பைட் ஆனது. அடியில் இருக்கும் இயங்குதளம் எவ்வளவு தூரம் எண்ணத் தெரிந்ததாக இருந்தாலும், மேலே ஓடும் நிரல் தன் சொந்த விரல்களை வைத்தே எண்ணுகிறது.

நிர்வாகக் குழுவுக்கு விளக்க இன்னொன்றும் செய்தேன். எல்லா மென்பொருளும் 'இல்லை' என்று நின்றுவிடாது. சில, எண் நிரம்பியதும் மறுமுனைக்குச் சுற்றிப் போய்விடும். அந்த மறுமுனை எது என்று என் லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்திடம் இந்திய நேரத்தில் கேட்டேன். 1901 டிசம்பர் 14, சனிக்கிழமை, அதிகாலை 2 மணி 7 நிமிடம் 2 நொடி என்று காட்டி, பக்கத்தில் மெட்ராஸ் நேரம் என்பதன் சுருக்கத்தையும் போட்டது. இந்திய நேரம் ஐந்தரை மணி என்று ஆனது 1906-ல்தான். அதற்கு முந்தைய தேதிகளுக்கு மெட்ராஸின் 5 மணி 21 நிமிடம் 10 நொடிக் கணக்கையே அது இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. பழைய காலத்தை இத்தனை நுணுக்கமாக வைத்திருக்கும் ஒரு பொருள் அடுத்த 20 ஆண்டைப் பார்க்கத் தடுமாறினால், அதற்குக் காரணம் நாம் அதில் ஓட்டும் நிரல்தான். குழுவுக்கு இது புரிந்தது. புது கம்ப்யூட்டர் பேச்சு அத்தோடு நின்றது.

எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன்

புதுச்சேரித் தம்பி இப்போது வேறு வேலையில் இருக்கிறான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டான். அவன் முதலில் சொன்ன வழி, கழித்தல் குறியை விட்டுவிட்டு அதே 32 பிட்டை வைத்துக்கொள்வது. "அண்ணா, அப்படிப் பண்ணா 2106 பிப்ரவரி வரைக்கும் போகும், நம்ம யாரும் இருக்க மாட்டோம்" என்றான்.

அதை ஏற்கவில்லை. இரண்டு காரணங்கள். கழித்தல் குறி போனால் 1970-க்கு முந்தைய தேதிகளை எழுத முடியாது. உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே அதற்கு முந்தியது. இன்னொன்று, அடமானத்தில் இருந்த ஒரு மனை 99 ஆண்டுக் குத்தகை நிலம். குத்தகை முடிவது 2117.

பேசிக்கொண்டே இருக்கும்போது செயலாளர் ஒன்று கேட்டார்: "தவணைத் தேதிக்கு எதுக்கு தம்பி நொடி? நாங்க லெட்ஜர்ல நொடியா எழுதினோம்?"

எங்கள் இருவருக்குமே அதுதான் திருப்புமுனை. தவணைத் தேதி ஒரு காலண்டர் நாள். 10-ம் தேதி என்றால் 10-ம் தேதி, அதில் மணியும் இல்லை நொடியும் இல்லை. நாங்களாக அதை நொடியாக்கி, மறுபடி நாளாக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தில்தான் தேதி தொலைந்தது. எனவே தவணைக் கணக்கை நாள், மாதம், ஆண்டு என்ற எண்களிலேயே நடத்தும்படி மாற்றி எழுதினான். ரசீது அடித்த நேரம் போன்ற, உண்மையாகவே நொடி தேவைப்படும் இடங்களுக்காக பிஎச்பியையும் 7-க்கு ஏற்றினோம். முதல் முறை அவசரத்தில் மறுபடியும் 32 பிட் தொகுப்பையே இறக்கிவிட்டோம். பைட் எத்தனை என்று கேட்டால் திரும்பவும் 4. சரியான தொகுப்பைப் போட்ட பிறகே 8 வந்தது. 8 பைட் நொடிக் கணக்கு ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குப் போதும்.

தொடர்ந்து வந்தவை

ஆசிரியைக்குப் புது அட்டவணை அச்சிட்டோம். 240-வது வரிசை 10-07-2038. சந்தோஷமாகக் கொடுத்து அனுப்பினோம். மறுவாரம் அவர் திரும்பி வந்தார். அட்டவணையின் அடியில் 'பத்திரம் திருப்பித் தரும் நாள்' என்ற கட்டத்தில் 00-00-0000 என்று இருந்தது.

எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. ஒரு முறை பயந்து வந்தவரை இரண்டாவது முறையும் வரவைத்துவிட்டோம். அதுவும் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில்.

இந்த முறை பிழை டேட்டாபேஸில். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் என்ற வகைக் கட்டம் அதே 2038 ஜனவரி 19 வரைதான் கொள்ளும். டேட், டேட்டைம் வகைகள் 9999 வரை போகும். தவணைத் தேதிகள் டேட் வகையில் இருந்தன, இந்த ஒரு கட்டம் மட்டும் டைம்ஸ்டாம்ப். அங்கே ஓடிய பழைய பதிப்பு கண்டிப்பில்லாத முறையில் இருந்ததால், எல்லை மீறிய தேதியை மறுக்காமல் பூஜ்யங்களாக எழுதிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறைதான் இயல்பு. நாங்கள் கட்டத்தின் வகையை மாற்றினோம், கண்டிப்பு முறையையும் போட்டோம். அதற்கும் ஒரு விலை இருந்தது. பிறந்த தேதி காலியாக விட்ட பழைய உறுப்பினர் பதிவுகள் எல்லாம் திருத்தும்போது பிழை காட்டின. இரண்டு வாரம் கவுன்டரில் கூட்டம். ஆனாலும் தப்பான தேதியை வாங்கி வைத்துக்கொள்வதைவிட வாங்க மறுப்பது நல்லது என்பதில் செயலாளர் உறுதியாக இருந்தார்.

மூன்றாவது, டிசம்பரில். கால நீட்டிப்புக் கொடுத்த சில கடன்களை எக்செல் தாளிலிருந்து ஏற்றினார்கள். எழுத்தர் 10/05/38 என்று தட்டியிருந்தார். ஏறியது 1938. விண்டோஸின் வட்டார அமைப்பில் இரண்டு இலக்க ஆண்டை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர்களில் அது 1930 முதல் 2029 வரை. 29 என்றால் 2029, 30 என்றால் 1930. அந்த எல்லையை 2099 வரை தள்ளி வைக்கலாம்தான். வைத்தால் 62-ல் பிறந்தவர் 2062-ல் பிறந்தவராகிவிடுவார். அதனால் அமைப்பைத் தொடவில்லை. ஆண்டை நான்கு இலக்கத்தில்தான் எழுத வேண்டும் என்று மானிட்டர் ஒவ்வொன்றின் அடியிலும் தாள் ஒட்டினோம். கடன் முடியும் தேதி தொடங்கும் தேதிக்கு முன்னால் இருந்தால் ஏற்றாதே என்று நிரலிலும் ஒரு வரி சேர்த்தான் தம்பி. முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய வரி அது.

2021-ல் பேக்கப் எடுக்கும் பழைய லினக்ஸ் பெட்டிக்குப் புதுப் பதிப்பு போட்டபோது, வட்டை இணைத்ததும் இந்த வட்டு 2038 வரைதான் நேரம் காட்டும் என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தானாகவே எச்சரித்தது. லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் இஎக்ஸ்டி4 முறையில் ஒவ்வொரு கோப்புக் குறிப்புக்கும் 128 பைட் ஒதுக்கியிருந்தால் 2038 வரை, 256 பைட் ஒதுக்கியிருந்தால் 2446 வரை. எங்கள் வட்டு பழைய 128. அதை அப்படியே மாற்ற முயலாமல், புது வட்டை 256-ல் தயார் செய்து நகலெடுத்துக்கொண்டோம். பெட்டி 64 பிட் என்பதால் மற்றபடி கவலையில்லை. 32 பிட் பெட்டிகளுக்கு லினக்ஸ் கெர்னல் 2020-ல் 5.6 பதிப்பில்தான் முழுதாக வழி செய்தது. அதற்கும் மேலே இருக்கும், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் நூலகங்களும் நிரல்களும் தனியாக மாற வேண்டியிருந்தது. லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான டெபியன் 2025-ல் தன் 13-வது பதிப்பில் 32 பிட் வகைகளையும் 64 பிட் நேரத்துக்கு மாற்றியபோதும், பழைய இன்டெல் 32 பிட் வகையை அப்படியே விட்டுவிட்டது. அதில் ஓடுவதற்கென்று இருக்கும் பழைய மென்பொருள்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இப்போது செய்வதானால்

முதல் பிழை கிடைத்ததும் அதை மட்டும் சரிசெய்து அட்டவணையைக் கையில் கொடுத்தது என் தவறு. ஒரு தேதி எழுத்தரின் விசைப்பலகையில் தொடங்கி, நிரல், டேட்டாபேஸ், அச்சு, எக்செல், பேக்கப் என்று எங்கெல்லாம் போகிறதோ அத்தனை இடத்திலும் 2038-ஐத் தாண்டிய ஒரு தேதியை முதலில் நடக்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இப்போது என்னிடம் ஒரு சோதனைக் கடன் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நகல் டேட்டாபேஸில் அதை ஏற்றி, கடைசிப் பக்கம் வரை அச்செடுத்துப் பார்க்கிறேன். 2038 ஜனவரி 18, 19, 20 மூன்று நாளும் அதில் உண்டு. 29-02-2096 ஏற்க வேண்டும், 29-02-2100 மறுக்க வேண்டும். 2100 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது, லீப் ஆண்டு இல்லை. குத்தகைக்காக 2117-ல் ஒரு தேதியும் இருக்கிறது.

எழுத்தர்கள் பேனாவால் அடித்துத் திருத்துவதை நான் இப்போது தேடிப் போய்ப் பார்க்கிறேன். பட்டியலில் கையால் போட்ட கோடு எங்கே இருக்கிறது, ஏன் போட்டீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறேன். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. மீதி நேரம் ஏதோ ஒரு பிழை கிடைக்கிறது.

அந்த அலுவலகத்தில் ஒன்று மட்டும் பாக்கி. வாசல் கேமராவின் பதிவுப் பெட்டியில் தேதி அமைப்பைத் திறந்தால் ஆண்டு 2037-க்கு மேல் ஏறுவதில்லை. அதை எழுதியவர்களிடம் கேட்டுத் திருத்த வழியில்லை. வேலை செய்கிற பெட்டியை இப்போதே தூக்கிப் போடவும் மனமில்லை. அதன் மேல் '2037 டிசம்பருக்குள் மாற்றவும்' என்று எழுதி ஒட்டிவிட்டு, சொத்துப் பதிவேட்டிலும் அதே வரியைச் செயலாளர் குறித்துவைத்திருக்கிறார்.